ஊராட்சிக் கணினிக்கு ஒரு வாயிற்காவல்

சந்தையில் புதிதாக ஒரு பசுவை வாங்கிவரும் விவரமறிந்த உழவர், அதை அன்று மாலையே தம் தொழுவத்து மாடுகளோடு சேர்த்துக் கட்டிவிடுவதில்லை. சில நாட்கள் தனியே கட்டி, தனித் தொட்டியில் தண்ணீர் காட்டி, வாயிலும் குளம்பிலும் புண் ஏதேனும் தோன்றுகிறதா என்று பார்த்த பிறகே மற்ற மாடுகளுடன் சேர விடுகிறார். கோமாரி நோயின் கொடுமையை அறிந்தவர்களுக்கு இம் முன்னெச்சரிக்கையைப் பற்றிப் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஊரின் ஊராட்சி அலுவலகத்திலுள்ள கணினியின் நிலை வேறாக இருக்கின்றது. ஜெராக்ஸ் கடையிலிருந்தும், பள்ளியிலிருந்தும், ஒப்பந்தக்காரர் வீட்டிலிருந்தும் வருகின்ற பென் டிரைவ் ஒவ்வொன்றும் எவ்விதச் சோதனையுமின்றி அதில் செருகப்படுகின்றது.

வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் முதலியவற்றை இணையவழியே செலுத்தும் ஏற்பாடு இப்பொழுது வந்துள்ளமையால், ஊராட்சிக் கணினியில் இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. இணையத்தில் ஏற்றுவதற்கு முன் தயாரிக்கப்படும் பட்டியல்கள், மக்கள் கொடுத்த ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் படிகள், வேலை நடந்த இடங்களின் புகைப்படங்கள், மதிப்பீடுகள், தீர்மானங்களின் வரைவுகள் ஆகிய யாவும் அக் கணினியிலேயே உள்ளன. அன்றியும், ஊராட்சிப் பணத்தை வழங்குவதற்கான மின்கையொப்பம் இடப்படுவதும் பெரும்பாலும் அதே கணினியில்தான்.

ஓர் ஊராட்சியில் நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊராட்சியில் நேர்ந்த நிகழ்ச்சியை இங்குக் கூறுவது பொருத்தமாகும். இக் கட்டுரையாளர் அவ் வட்டாரத்து ஊழியர்களுக்குக் கணினிப் பயிற்சி அளிக்கச் சென்றிருந்த காலம் அது. அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபைக்கு நான்கு நாட்களே இருந்தன. குடிநீர்க் குழாய் இல்லாத வீடுகள் எவை, ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், தெருக்குழாய் எவ்வளவு தொலைவில் உள்ளது என்னும் விவரங்களை ஊராட்சிச் செயலர் ஆறு வாரங்கள் வீடு வீடாகச் சென்று திரட்டியிருந்தார். அவற்றை ஒரு பட்டியலாகத் தொகுத்து, பென் டிரைவ் ஒன்றில் வைத்திருந்தார். கணினியில் அதன் படி இல்லை. அலுவலக அச்சுப்பொறியில் மை தீர்ந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. கணினியிலிருந்த வைரஸ் எதிர்ப்பு மென்பொருளின் சந்தாவும் முந்திய ஆண்டே முடிந்துபோயிருந்தது.

பட்டியலை அச்சிட அவர் பேருந்து நிறுத்தத்தருகே இருந்த ஒரு ஜெராக்ஸ் கடைக்குச் சென்றார். பாதி அச்சானதும் மின்சாரம் போய்விட்டது. எஞ்சியதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாமென்று திரும்பிவந்து, பென் டிரைவை அலுவலகக் கணினியில் செருகியபோது, கோப்புறைகள் இருந்த இடத்தில் அதே பெயர்களுடன் ஷார்ட்கட் குறிகள் மட்டுமே காணப்பட்டன. ஒன்றன்பின் ஒன்றாக அவற்றைச் சொடுக்கிப் பார்த்தார். எதுவும் திறக்கவில்லை. நண்பர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன யோசனைப்படி பென் டிரைவை ஃபார்மட் செய்தார். பின்பு, அது நன்றாக வேலை செய்கின்றதா என்று பார்ப்பதற்காக வேறு பல கோப்புகளையும் அதில் ஏற்றினார்.

மறுநாள் நாம் சென்றபோது, "ஐயா, வைரஸை அழித்துவிட்டேன். பட்டியலும் அதோடு போய்விட்டது" என்றார்.

உண்மையில் நடந்தது இதற்கு நேர்மாறானது. இவ்வகை வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை. அவற்றை மறைந்த கோப்புகளாகக் குறியிட்டுவிட்டு, அவ்விடத்தில் தன்னை இயக்கும் ஷார்ட்கட்டை வைக்கின்றது. மறைத்தல் குறியை நீக்கும் ஒரு சிறு கட்டளையைத் தட்டியிருந்தால் பட்டியல் முழுவதும் திரும்பக் கிடைத்திருக்கும். ஃபார்மட் செய்த பின்னரும் மீட்பதற்குச் சில வழிகள் உண்டு. ஆனால் அதன்மேல் புதிய கோப்புகள் எழுதப்பட்டுவிட்டமையால் அவ் வழியும் அடைபட்டது. அழிந்ததாகக் கருதப்பட்ட வைரஸோ, அவர் ஷார்ட்கட்டைச் சொடுக்கிய அப்பொழுதே கணினிக்குள் குடிபுகுந்துவிட்டது. அடுத்த வாரம் அக் கணினியில் செருகப்பட்ட பள்ளித் தலைமையாசிரியரின் பென் டிரைவ் வழியாக அது பள்ளிக்கும் சென்றது.

கிராம சபையில் அப் பட்டியல் வைக்கப்படவில்லை. அக் காலத்தில் ஆண்டுக்கு நான்கு கிராம சபைக் கூட்டங்களே நடைபெற்றுவந்தமையால், அடுத்த வாய்ப்பு சனவரி 26ஆம் நாள்தான். ஊரின் கடைசியிலிருந்த தெருவின் பெண்கள் நான்கு மாதங்கள் கூடுதலாகக் குடத்தைச் சுமந்தனர். செயலரைக் குறைகூறுவது எளிது. ஆயினும் மை இல்லாத அச்சுப்பொறியை மூன்று மாதங்கள் அப்படியே விட்டுவைத்த நிர்வாகத்திற்கும் இதில் பெரும் பங்கு உண்டு. இதைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

நோய் பரவும் விதம்

கையால் எடுத்துச் செல்லும் தட்டுகள் வழியே கணினி வைரஸ் பரவுவது புதிதன்று. 1986இல் லாகூர் நகரத்துச் சகோதரர் இருவர் எழுதிய 'பிரெயின்' என்னும் வைரஸ், ஃபிளாப்பித் தட்டுகள் வழியாகவே பல நாடுகளுக்குச் சென்றது. 2000ஆம் ஆண்டையொட்டி பென் டிரைவ்கள் விற்பனைக்கு வந்தபோது, 8 மெகாபைட் கொள்ளளவே பெரிதாகக் கருதப்பட்டது. இன்று அதைப்போல் பல ஆயிரம் மடங்கு கொள்ளும் பென் டிரைவ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றது. கொள்ளளவு பெருகியதோடு, அது சுமந்து செல்லக்கூடிய தீங்கும் பெருகியது.

தொடக்கத்தில் விண்டோஸ் கணினிகளில் ஆட்டோரன் என்றொரு வசதி இருந்தது. வட்டையோ பென் டிரைவையோ செருகினால், அதிலுள்ள ஒரு சிறு குறிப்புக் கோப்பைப் பார்த்து, அது சொல்லும் நிரலைக் கணினி தானே இயக்கிவிடும். பயனாளருக்கு நன்மை செய்யக் கருதிய இவ் வசதி வைரஸ்களுக்கே பெரிதும் உதவிற்று. 2008இன் இறுதியில் தோன்றி உலகெங்கும் பல இலட்சம் கணினிகளைத் தாக்கிய 'கான்ஃபிக்கர்' இவ் வழியையும் பயன்படுத்திக்கொண்டது. அதன் பின்னர் விண்டோஸ் 7இலும், 2011இல் அதற்கு முந்திய பதிப்புகளிலும் பென் டிரைவ்களுக்கு இவ் வசதி நிறுத்தப்பட்டது. உடனே வைரஸ் எழுதுவோர் வேறு வழி கண்டனர். கணினி தானே இயக்காவிட்டால், மனிதனைக்கொண்டு இயக்குவிப்பது என்பதே அவ் வழி. மேலே கண்ட ஷார்ட்கட் தந்திரம் அவ்வகையைச் சேர்ந்தது.

சொடுக்காமலே தாக்கியதும் உண்டு. 2010இல் கண்டுபிடிக்கப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்', ஈரான் நாட்டு நத்தான்ஸ் அணுநிலையத்தில் யுரேனியம் செறிவூட்டும் யந்திரங்களைக் குறிவைத்துச் செய்யப்பட்டது. பென் டிரைவிலுள்ள கோப்புறையைத் திறந்து, அதிலுள்ள குறிகளைத் திரையில் பார்த்த மாத்திரத்திலேயே அது கணினிக்குள் புகுந்துவிடும். இணையத்தோடு தொடர்பே இல்லாத கணினிகளையும் பென் டிரைவ் சென்றடைகின்றது என்பதை இது உலகுக்கு உணர்த்திற்று. "எங்கள் கணினியில் இணையம் இல்லை, ஆகவே பயமில்லை" என்று கூறுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மனிதனின் நல்லெண்ணமும் இங்கே பகையாகின்றது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர்கள் 297 பென் டிரைவ்களை வளாகத்தின் பல இடங்களில் வேண்டுமென்றே போட்டுவைத்துப் பார்த்தனர். 2016இல் வெளியான அவ் ஆய்வின்படி, ஏறத்தாழ அனைத்தும் கண்டெடுக்கப்பட்டன. 45 விழுக்காட்டினவற்றில் இருந்த கோப்புகள் திறந்தும் பார்க்கப்பட்டன. எடுத்தவர்களிற் பலர் கூறிய காரணம், உரியவரைக் கண்டுபிடித்துத் திருப்பித் தருவதற்காக என்பதாகும். நம் ஊரில் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பென் டிரைவ் கிடந்தால், அதை எடுத்துவந்து ஊராட்சி அலுவலகத்தில் கொடுப்பவர் நல்லவராகவே இருப்பார்.

தடை வேலை செய்யும் முறை

இனி, தடுப்பது எவ்வாறு என்று பார்ப்போம். யூ.எஸ்.பி. துளையில் எப்பொருளைச் செருகினாலும், கணினி முதலில் அதை "நீ யார்?" என்று வினவுகின்றது. செருகப்பட்ட கருவி தன் வகையைத் தெரிவிக்கும். ஒவ்வொரு வகைக்கும் உலகப் பொதுவான எண் ஒன்று உண்டு. விசைப்பலகையும் மவுசும் வகை 03. அச்சுப்பொறி 07. பென் டிரைவ் முதலிய சேமிப்புக் கருவிகள் 08. இதனோடு, செய்த நிறுவனத்தின் எண், பொருளின் எண் ஆகியவற்றையும், பெரும்பாலான பென் டிரைவ்கள் தமக்கே உரிய வரிசை எண்ணையும் சொல்லும். தடை போடும் மென்பொருள் இவ் விடைகளைக் கேட்டு, வகை 08 என்றால் கதவைத் திறக்காமல் விடுகின்றது. ஆகவே துளைகளைப் பசையிட்டு அடைக்கவேண்டிய அவசியம் இல்லை. சில அலுவலகங்களில் அவ்வாறு செய்து, பின்பு மவுசைச் செருக இடமின்றித் தவித்ததை நாம் கண்டிருக்கிறோம்.

மிக எளிய முறை, விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்னும் அமைப்புப் பதிவேட்டில் 'யூ.எஸ்.பி.ஸ்டோர்' என்ற பகுதியில் தொடக்க மதிப்பு 3 என்றிருப்பதை 4 என்று மாற்றுவதாகும். 3 என்றால் தேவைப்படும்போது இயங்கு. 4 என்றால் இயங்காதே. செலவில்லாத முறை இது. ஆனால் முற்றிலும் நம்பத்தக்கதன்று. முன்பு செருகப்படாத ஒரு புதிய கருவி நிறுவப்படும்போது அம் மதிப்பு பழையபடி 3 ஆகிவிடக்கூடும். பதிவேட்டில் தவறான இடத்தில் கை வைத்தால் கணினியே இயங்காமற் போகலாம் என்பதால், பழக்கமில்லாதவர்கள் இதைச் செய்தல் கூடாது.

இதனினும் சிறந்தது, விண்டோஸின் தொழில்முறைப் பதிப்புகளில் உள்ள குரூப் பாலிஸி என்னும் ஏற்பாடு. இதில், அகற்றக்கூடிய சேமிப்புக் கருவிகளைப் படித்தல், அவற்றில் எழுதுதல், அவற்றிலுள்ள நிரல்களை இயக்குதல் ஆகிய மூன்றையும் தனித்தனியே தடுக்க இயலும். எழுதுவதை மட்டும் தடுத்தால், மக்களின் விவரங்கள் வெளியே போவது நிற்கும். ஆனால் வைரஸ் உள்ளே வரும் வழி திறந்தேயிருக்கும். இயக்குவதை மட்டும் தடுத்தால், பென் டிரைவிலிருந்து நேரே ஓடும் நிரல்கள் நிற்கும். ஆனால் அங்கிருந்து கணினிக்குப் படியெடுத்து, பின்பு சொடுக்கினால் அத் தடை பயன்படாது. ஊராட்சி அலுவலகத்துக்கு மூன்றையும் தடுத்து, குறிப்பிட்ட ஓரிரு கருவிகளுக்கு மட்டும் விலக்கு அளிப்பதே ஏற்றதென்பது நம் கருத்து. வீட்டு உபயோகத்துக்கான விண்டோஸ் பதிப்பில் இவ் ஏற்பாட்டுக்குரிய திரை இல்லை. எனவே அலுவலகத்துக்குக் கணினி வாங்கும்போதே பதிப்பைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

குறிப்பிட்ட கருவிக்கு மட்டும் விலக்கு அளிப்பதற்குப் பாதுகாப்பு மென்பொருள்கள் பெரிதும் உதவுகின்றன. சென்னையிலும் புனேயிலும் உள்ள நம் நாட்டு நிறுவனங்கள் உட்படப் பலர் விற்கும் வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்களில் இவ் வசதி உண்டு. சில நிறுவனங்கள் இதை அலுவலகங்களுக்கான பதிப்பில் மட்டுமே தருகின்றன. அரசுத் துறையிலும் இதற்கு முயற்சி நடந்துள்ளது. மைய அரசு 2017 பிப்ரவரி 21ஆம் நாள் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரம்' என்னும் மையத்தைத் தொடங்கிவைத்தபோது, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'யூ.எஸ்.பி. பிரதிரோத்' என்ற மென்பொருளும் வெளியிடப்பட்டது. அதன் பெயரே தடுப்பு என்று பொருள்படுவது. கணினியில் அதை நிறுவிவிட்டால், அனுமதி பெற்றவர் தம் கடவுச்சொல்லைக் கொடுத்தாலன்றி பென் டிரைவ் திறக்காது.

எம் முறையைக் கைக்கொண்டாலும் ஒன்று முக்கியம். நாள்தோறும் வேலை செய்பவர் கணினியின் நிர்வாகிக் கணக்கில் அமர்ந்து வேலை செய்வாராயின், தடையை நீக்கும் திறவுகோல் அவர் சட்டைப் பையிலேயே உள்ளது என்று பொருள். அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கு ஒன்றை ஏற்படுத்தி, நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை ஒன்றிய அலுவலகத்தில் பொறுப்புள்ள ஒருவரிடம் வைத்தல் வேண்டும். அவர் மாறுதலாகிச் செல்லும்போது கடவுச்சொல்லையும் மாற்றுதல் வேண்டும்.

தடைக்கு அகப்படாதவை

கைப்பேசியைக் கணினியில் செருகும்போது, அது பெரும்பாலும் தன்னைச் சேமிப்புக் கருவி என்று சொல்லிக்கொள்வதில்லை. எடுத்துச் செல்லும் கருவி என்னும் வேறொரு வகையில் வருகின்றது. எனவே பென் டிரைவுக்குத் தடை போட்ட பின்னரும், கைப்பேசியின் வழியாகக் கோப்புகள் உள்ளே வரவும் வெளியே போகவும் இயலும். குரூப் பாலிஸியில் இதற்குத் தனியே தடை உண்டு. அதையும் சேர்த்தே போடவேண்டும். கைப்பேசிக்கு மின்னேற்றத் தனிச் செருகி ஒன்றை அலுவலகச் சுவரில் பொருத்திவிட்டால், கணினியில் செருகவேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. இருநூறு, முந்நூறு ரூபாயில் முடிகின்ற காரியம் இது.

மற்றொன்று இதனினும் நுட்பமானது. 2014இல் பெர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர் சிலர், பென் டிரைவின் உள்ளேயிருக்கும் சிறு நிரலை மாற்றியமைத்து, அது தன்னை விசைப்பலகை என்று சொல்லிக்கொள்ளச் செய்து காட்டினர். உருவத்தில் பென் டிரைவ். விடையில் வகை 03. கணினி அதை நம்புகின்றது. கண்ணுக்குத் தெரியாத கையொன்று விசைகளைத் தட்டுவதுபோல அது கட்டளைகளை இடுகின்றது. சேமிப்புக் கருவிக்கான தடை இதனிடம் செல்லாது. இத்தகைய கருவி நம் கிராமத்துக்கு வருவது அரிதென்றாலும், யாரென்று தெரியாதவர் கொடுத்த எதையும் துளையில் செருகலாகாது என்னும் பழக்கம், மென்பொருள் இருந்தாலும் தேவைப்படுவது இதனாலேயே.

தடை போடுமுன் கவனிக்கவேண்டிய இன்னொரு பொருள், மின்கையொப்பத்துக்கான டோக்கன். பென் டிரைவைப் போன்றே தோன்றும் இது, அட்டை படிக்கும் கருவியின் வகையைச் சேர்ந்ததாகையால் பொதுவாகத் தடைக்கு உட்படாது. ஆனால் சில டோக்கன்கள் தம்மை இயக்குவதற்கான மென்பொருளை ஒரு வட்டு போன்ற பகுதியில் தாமே சுமந்து வருகின்றன. தடைக்குப் பின் அப் பகுதி திறக்காமற் போகலாம். ஆகவே டோக்கனின் மென்பொருளை முதலில் நிறுவி, கையொப்பம் இட்டுப் பார்த்து, அதன் பிறகே தடையைப் போடுதல் வேண்டும். பணம் வழங்கவேண்டிய நாளில் கையொப்பம் விழவில்லையென்றால், யாரேனும் ஒருவர் தடையையே நீக்கிவிட்டுப் போவார். அதை மீண்டும் போட யாருக்கும் நினைவிராது.

வேலிக்குள் ஒரு படல்

வேலி போட்ட தோட்டத்துக்கு ஒரு படல் இல்லையென்றால், ஆட்கள் வேலியைப் பிரித்துக்கொண்டு நுழைவர். பென் டிரைவ் தடையும் அத்தகையதே. 2008இல் மேற்காசியாவிலிருந்த அமெரிக்க இராணுவத் தளமொன்றில், மடிக்கணினியில் செருகப்பட்ட பென் டிரைவ் வழியே அந்நாட்டு இராணுவ வலைக்குள் வைரஸ் புகுந்தது. இதை அந்நாட்டுப் பாதுகாப்புத் துணைச் செயலர் வில்லியம் லின் 2010இல் வெளிப்படையாக எழுதினார். அந் நவம்பரிலேயே இராணுவம் முழுவதும் பென் டிரைவ்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் 2010 பிப்ரவரியில், அரசுக்குச் சொந்தமான கருவிகளை மட்டும், வேறு வழியில்லாத நிலையில், கட்டுப்பாடுகளுடன் பயன்படுத்தலாம் என்று தடை தளர்த்தப்பட்டது. பெரும் பொருளும் ஆட்பலமும் உடைய இராணுவத்துக்கே முழுத் தடை நெடுநாள் இயலவில்லை. அச்சிட ஜெராக்ஸ் கடையைத் தவிர வேறு கதியில்லாத ஓர் ஊராட்சிச் செயலரிடம் நாம் எதை எதிர்பார்க்க முடியும்?

ஆகவே தடையைப் போடுவதற்கு முன், அந்த அலுவலகத்தில் பென் டிரைவ் எக் காரியங்களுக்குப் பயன்படுகின்றது என்று ஒரு வாரம் குறித்துவைத்துப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் அச்சிடுதலே முதலிடம் பெறும். அச்சுப்பொறிக்கு மை வாங்குவதற்கு ஆகும் செலவு, எந்தப் பாதுகாப்பு மென்பொருளுக்கும் முந்திய பாதுகாப்புச் செலவென்றே நாம் கருதுகிறோம். ஒன்றிய அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புவது அடுத்தது. அலுவலக மின்னஞ்சல் இதற்குப் போதும். மின்னஞ்சலிலும் வைரஸ் வரும் என்பது உண்மையே. ஆயினும் யாரிடமிருந்து வந்ததென்று அதில் ஒரு தடயமாவது இருக்கும். மக்கள் கொண்டுவரும் ஆவணங்களைப் பென் டிரைவில் வாங்காமல், தாளில் வாங்கி அலுவலகத்திலேயே ஸ்கேன் செய்துகொள்ளலாம். ஒப்பந்தக்காரரின் புகைப்படங்கள் மின்னஞ்சலில் வரட்டும்.

பென் டிரைவில்தான் வாங்கியாக வேண்டும் என்ற நிலை அரிதாக வரும். அதற்காக ஒன்றிய அலுவலகத்தில், வலையோடு இணைக்கப்படாத பழைய கணினி ஒன்றைச் சோதனைக்கென்று ஒதுக்கிவைக்கலாம். சந்தை மாட்டைத் தனியே கட்டிவைப்பது போன்றது இது. அதிலுள்ள வைரஸ் எதிர்ப்பு மென்பொருளைப் புதுப்பிக்க, வாரந்தோறும் ஒருமுறை மட்டும் இணையத்தில் இணைத்தால் போதும். வெளியாரின் பென் டிரைவை அங்கே சோதித்து, வேண்டிய கோப்பை மட்டும் அலுவலகத்துக்கே உரிய பென் டிரைவுக்கு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். அலுவலகத்துக்குரியது இரண்டு போதும். அவற்றின்மேல் எண் எழுதி, வரிசை எண்ணை மென்பொருளில் பதிந்து, யார் எப்போது எடுத்தார் என்பதற்குப் பதிவேடு ஒன்று வைக்கவேண்டும். சாவிப் பதிவேட்டைப் போன்றதே இது. புதிதாகக் கற்கவேண்டியது ஒன்றுமில்லை.

படியெடுத்து வைப்பதற்கான வெளித்தட்டுக்கும் விலக்கு வேண்டும். பலர் இதை மறந்துவிடுகின்றனர். தடை போட்ட நாளிலிருந்து வாராந்திரப் படியெடுப்பு நின்றுபோய், ஓராண்டு கழித்துக் கணினியின் தட்டு பழுதானபோதுதான் அது தெரிந்த அலுவலகங்கள் உண்டு. படியெடுத்த பின் அவ் வெளித்தட்டைக் கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டுதல் வேண்டும். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய 'வானாகிரை' போன்று கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்கள், அவ் வேளையில் செருகப்பட்டிருக்கும் வெளித்தட்டிலுள்ள படிகளையும் சேர்த்தே பூட்டிவிடுகின்றன.

சட்டம் சொல்வது

2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, பொறுப்பிலுள்ளவரின் அனுமதியின்றிக் கணினியிலுள்ள விவரங்களைப் படியெடுப்பதையும், வைரஸைப் புகுத்துவதையும் தவறென்று கூறுகின்றது. எடுத்துச் செல்லும் சேமிப்புக் கருவிகளிலுள்ள விவரங்களையும் அப் பிரிவு வெளிப்படையாகக் குறிப்பிடுகின்றது. வஞ்சக நோக்குடன் செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பயனாளிகள் பட்டியலைத் தம் பென் டிரைவில் எடுத்துக்கொண்டுபோய் வேறு காரியத்துக்குக் கொடுப்பவர் இதை அறிந்திருத்தல் நன்று. மேலும், மைய அரசின் சர்ட்-இன் நிறுவனம் 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணையின்படி, வைரஸ் தாக்குதல் போன்ற நிகழ்ச்சிகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அந் நிறுவனத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். இது அரசு நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஊராட்சியைப் பொறுத்தவரை, கணினியை வலையிலிருந்து கழற்றிவிட்டு, எதையும் ஃபார்மட் செய்யாமல், உடனே ஒன்றிய அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டால், மேலே தெரிவிப்பதை அவர்கள் கவனித்துக்கொள்ள இயலும்.

தடை போட்டு முடித்தவுடன் அதைச் சோதித்துப் பார்க்க அரைமணி நேரம் ஒதுக்கவேண்டும். சாதாரணக் கணக்கில் நுழைந்து, பதிவுபெறாத பென் டிரைவ் ஒன்றைச் செருகிப் பாருங்கள், திறக்கலாகாது. பதிவுபெற்ற இரண்டையும் செருகிப் பாருங்கள், திறக்கவேண்டும். பிறகு கைப்பேசி, கைரேகைக் கருவி இருந்தால் அது, மின்கையொப்ப டோக்கன், அச்சுப்பொறி, படியெடுக்கும் வெளித்தட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, விளைவைப் பதிவேட்டின் முதற் பக்கத்தில் நாளிட்டு எழுதிவையுங்கள். கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கிய ஒவ்வொரு முறையும், விண்டோஸை மீண்டும் நிறுவிய ஒவ்வொரு முறையும் இதே சோதனையைத் திரும்பச் செய்யவேண்டும். பழுதுபார்ப்பவர் தம் வசதிக்காகத் தடையை எடுத்துவிட்டு, அப்படியே திருப்பித் தருவது வழக்கமாக இருக்கின்றது.